அமெனானுக்கு மஞ்சக்குப்பத்தில் முளைத்த மீசை

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைத் திறந்தார். சுற்றியிருந்த இரண்டு பழைய நூல் புடவைகளை விலக்கி, உள்ளே இருந்த முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

“என்னம்மா இது, சாமியா?”

“இல்ல சார், மரத்துல செஞ்ச முகமூடி.”

“சாமி இல்லன்னு உறுதியா சொல்றீங்களா?”

அவர் கேட்டது சட்டத்துக்குப் பயந்தா பாவத்துக்குப் பயந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற தோழி அஜுவாவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், இது சாமியா என்று. “என் அம்மா,” என்றாள். அதையே அதிகாரியிடம் தமிழில் சொன்னேன். அவர் முகமூடியையும் அஜுவாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ஜாடை இருக்கு,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் கண் பொய் சொல்லவில்லை. அஜுவா பிறந்தது ஐவரி கோஸ்டில், பவுலே என்ற இனத்தில். அங்கே சண்டை வந்தபோது பக்கத்து நாடான கானாவுக்கு வந்து, அக்ரா நகரில் மரச் சிற்பங்கள் விற்கும் கடை வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அதே ஊரில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறேன். அப்படித்தான் பழக்கம்.

அவள் அப்பா குவாமே மரச் சிற்பி. அவர்கள் ஊரில் ஒரு பெண்மணியைப் பெருமைப்படுத்த வேண்டுமென்றால் அவள் முகத்தைப் போலவே முகமூடி செதுக்குவார்களாம். விழா நாளில் ஒருவர் அதை அணிந்துகொண்டு ஆட, அந்தப் பெண்ணும் கூடவே ஆடுவாளாம். குவாமே செதுக்கியது தன் மனைவி அமெனானின் முகத்தை. பாதி மூடிய கண்கள், நீண்ட மூக்கு, எதையோ கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி உதடு. கட்டிய மனைவியின் முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்த ஒரு கணவரை எங்கள் சொந்தத்தில் காட்டச் சொன்னால் நான் திண்டாடிப் போவேன். நான் மூக்குத்தி மாற்றி நான்கு மாதம் கழித்து, “என்ன, சளி பிடிச்சிருக்கா?” என்று கேட்டவர் என் வீட்டுக்காரர்.

இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். அக்ராவில் அஜுவா இருக்கும் அறையில் கூரை ஒழுகும், கரையான் ஏறும். அப்பா செய்த மூன்று பொம்மைகளைக் கரையான் தின்றுவிட்டது. அம்மாவையும் அதற்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சிதம்பரத்திலிருந்து ஒரு பேராசிரியர், நான் அக்ராவில் இருப்பதைக் கேள்விப்பட்டு, எனக்குக் கடிதம் எழுதினார். ஒரு காலத்தில் நைஜீரியாவில் பாடம் நடத்தப் போய், முகமூடி சேர்க்கும் பழக்கத்தோடு திரும்பி வந்தவர். நிஜமாகவே ஆடப்பட்ட பவுலே முகமூடி ஒன்று வேண்டும் என்றார்.

விலை பேசி முடிந்தது. அஜுவாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். முகமூடிக்குக் கீழே ஒரு அட்டை வைக்க வேண்டும், அதில் முகம் யாருடையது, செதுக்கியவர் யார் என்று இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும். அவள் அப்பா செய்ததெல்லாம் வியாபாரிகள் கையில் ‘நூறு வருஷப் பழசு, சிற்பி யாரென்று தெரியாது’ என்று சொல்லித்தான் விலை போயிற்றாம். அட்டை கண்டிப்பாக உண்டு என்று பேராசிரியர் பதில் போட்டார். அந்த அட்டையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அஜுவா என்னோடு கிளம்பிவிட்டாள். இது 2009, பொங்கல் முடிந்த வாரம்.

கடலூரில் தங்கியது மஞ்சக்குப்பத்தில், என் தம்பி சேகர் வீட்டில். அவனுக்கு முதுநகரில் கடை. வண்டிக்கு நம்பர் பிளேட், வீட்டுக்குப் பெயர்ப்பலகை, எது வேண்டுமானாலும் எழுதுவான். இருந்தது வாடகை வீட்டில், நேர் எதிரே அவனுடைய சொந்த வீடு சுவர் முடிந்து, மேல்தளத்துக்குப் பலகை அடித்து நின்றது.

“மாமா வரலியாக்கா?” என்றான் வாசலிலேயே.

“லீவு இல்லடா.”

“இவுங்க என்னா சாப்புடுவாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஃபிரைட் ரைஸ் பொட்டலங்களோடு வந்தான். அஜுவா மரியாதைக்காகச் சாப்பிட்டாள். அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. ‘எவ்ளோ கறுப்பு’ என்று ஆச்சரியப்பட்டவர்கள் எல்லோரும் என் தம்பியின் நிறம், என் தம்பியோ அஜுவாவைவிட அரைப் பங்கு கூடுதல் கறுப்பு. சேகரின் மனைவி செல்விக்கு மட்டும் வேறு கவலை.

“அண்ணி, அந்தப் பின்னலு பின்ன எவ்ளோ நேரம் ஆவும்னு கேளுங்க.”

ஆறு மணி நேரம் என்றதும், “பவுனு போட்டுக்கினு வந்தாலும் இவ்ளோ பேரு பாக்க மாட்டாங்க,” என்று பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் காலை செல்வி சமையலறையில் உட்கார்ந்து கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசனை பிடித்து வந்த அஜுவா கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். விரலால் ஒரு பள்ளம் செய்து குழம்பில் தோய்த்து விழுங்கிய விதத்தில் செல்வி அசந்துபோனாள். அக்ராவில் சோள மாவைப் புளிக்கவைத்துக் கிண்டிய உருண்டையை மீன் குழம்போடு அப்படித்தான் சாப்பிடுவார்கள். “வீட்டில் இது இருக்கும்போது நேற்று ஏன் எனக்கு அந்தக் கல் மாதிரி சோற்றைக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டாள் அஜுவா. சேகருக்குத்தான் தாங்கவில்லை. “விருந்தாளிக்குக் களி போட்டன்னு வெளிய சொல்லாதக்கா,” என்று கெஞ்சினான்.

அன்று தேவனாம்பட்டினம் போனோம். கரையில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அஜுவாவுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் கால் மணி நேரம் பேரம் நடந்தது. அந்த அம்மா விரல் காட்ட, இவள் தலையில் அடித்துக்கொள்ள, அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ள, இவள் நான்கு எட்டு நடந்து திரும்பிப் பார்க்க. நான் நடுவில் மொழிபெயர்க்கப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் சங்கரா மீன் பைக்குள் விழுந்தது.

“எந்த ஊரு பொண்ணும்மா இது?” என்றார் அந்த அம்மா.

“வெளிநாடு. ஆப்பிரிக்கா.”

“எங்கனா இருக்கட்டும். ஏவாரம் தெரிஞ்சவ.”

படகுகளில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னாள் அஜுவா. சாமி பெயர், மாதா பெயர், மகள் பெயர் என்று படித்தேன். ஒரே பெயர் இரண்டு மூன்று படகுகளில் இருந்ததை அவளே கண்டுபிடித்துக் கேட்டாள். மீன்கார அம்மாவிடம் விசாரித்தேன். “சுனாமியில போன படகு பேரைத்தான் புதுசுக்கும் வெச்சிருக்காங்க. படகு போனா போவுது, பேரு போவலாமா?” என்றார். நான் சொன்னதும் அஜுவா அந்தப் பெயர்களை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது முதலில் பார்த்தது அவள்தான். என் முழங்கையைப் பிடித்தாள்.

கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முகப்பில், மூங்கில் சாரத்தில், எலுமிச்சம்பழத்துக்கும் பச்சை மிளகாய்க்கும் படிகாரத்துக்கும் நடுவே அமெனான் தொங்கிக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் காதுவரை முறுக்கிய மீசை. வாயோரம் சுண்ணாம்பில் இரண்டு கோரைப்பல். கன்னத்தில் கரும்புள்ளியும் செம்புள்ளியும். என் தம்பி கைத்தொழில் தெரிந்தவன் அல்லவா, மீசையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது.

“சேகர்,” என்றேன்.

அவன் தூரிகையும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தான். “எப்புடிக்கா? நாளைக்குத் தளம் போடுறம். திருஷ்டி பொம்மை இல்லாம கலவை கலக்க மாட்டன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. பைய தொறந்தா நீயே கொண்டாந்து வெச்சிருக்க. புது வீட்டுக்குன்னு வாங்கியாந்தன்னு நெனச்சன். ஆனா மூஞ்சி ரொம்ப சாந்தமா இருந்துச்சு. இப்புடி இருந்தா எவன் பயப்புடுவான்? அதான் கொஞ்சம் ரெடி பண்ணன்.”

“அது அவுங்க அம்மாடா.”

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. முகமூடியைப் பார்த்தான், அஜுவாவைப் பார்த்தான், கையிலிருந்த தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“ஆணி எதனா அடிச்சியா?”

“இல்லக்கா. ஓரத்துல ஓட்டை இருந்துச்சி, கயிறு போட்டன்.”

“எனாமல் பெயிண்டா?”

“தண்ணி கலருதான்க்கா. சத்தியமா.”

அஜுவா மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிக்கொண்டு போனேன், சிரித்துக்கொண்டிருந்தாள். “அம்மாவுக்கு மீசை வைக்க அப்பாவுக்குக்கூடத் தைரியம் வந்ததில்லை,” என்றாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள், துடைத்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தம்பியை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஊர்விட்டு ஊர் வந்து, கரையானுக்குத் தப்பித்து, கடல் தாண்டிக் கொண்டுவந்த முகம் அது.

உடனே கழற்று என்றேன். மேஸ்திரி குறுக்கே வந்தார். “மாட்டனத தளம் போடாம கழட்டக் கூடாதும்மா. அப்புறம் எதனா ஆச்சின்னா என்னைச் சொல்லக் கூடாது.” அவர் சொன்னதை அஜுவாவுக்குச் சொன்னேன். அது அங்கே தொங்கி என்ன செய்யும் என்று கேட்டாள். பொறாமைக் கண் வீட்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளும் என்றேன். யோசித்தாள். “சும்மா சுவரில் தொங்குவதை அப்பா விரும்பமாட்டார். ஒரு நாள் வேலை செய்யட்டும்,” என்றாள்.

மறுநாள் தளம் போட்டார்கள். கலவை இயந்திரம் போட்ட சத்தத்தில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. சட்டி தூக்கும் பெண்களில் ஒருவர் வரவில்லை என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தபோது, அஜுவா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள். கையால் பிடிக்காமலே சட்டியோடு சாரப்படி ஏறினாள். மதியம் எல்லோருக்கும் போட்ட பிரியாணியில் அவளுக்கு மட்டும் இரண்டு முட்டை வைக்கச் சொன்னார் மேஸ்திரி. அவர் அகராதியில் அது பெரிய விருது.

சாயங்காலம் அமெனானை இறக்கினோம். செல்வி மடியில் வைத்துக்கொண்டு ஈரப் பஞ்சால் துடைத்தாள், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள், குழந்தைக்கு மை அழிப்பதுபோல ஓரம் ஓரமாகத் துடைத்தாள். கோரைப்பல் போயிற்று, புள்ளிகள் போயின. மீசையும் போயிற்று, நிழலைத் தவிர. உதட்டுக்கு மேலே மெல்லிய கறுப்பு நிழல் மரத்தின் ரேகைக்குள் இறங்கி நின்றுவிட்டது. பேராசிரியர் இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அமெனான் திரும்பவும் கரையானுக்குத்தான். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சிதம்பரத்துக்குப் போன பஸ் புதுச்சத்திரம் தாண்டி பஞ்சர் ஆயிற்று. எல்லோரும் இறங்கி நிழல் தேடினோம். பக்கத்திலிருந்த கொல்லையில் முந்திரி மரங்களைப் பார்த்த அஜுவா ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி கையைக் காட்டினாள். அவள் ஊரிலும் முந்திரிதான். அங்கிருந்து கொட்டையாக மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போகும், எங்கே போகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது என்றாள். பண்ருட்டியில் உடைத்து, வறுத்து, உப்புப் போட்டுப் பொட்டலம் கட்டி விற்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. கண்டக்டர் மட்டும் ஜாக்கியைப் பிடித்தபடி, “அந்த மூட்டையில என்னாம்மா, இவ்ளோ பத்திரமா புடிச்சிருக்க?” என்றார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் டயர் மாற்றமாட்டார் என்று, “கண்ணாடி,” என்று சொல்லிவைத்தேன்.

சிதம்பரத்தில் இறங்கியும் நேரம் இருந்ததால் கோயிலுக்குள் ஒரு சுற்று போனோம். கல் தூண்களையும் ஆடும் சிலைகளையும் தலை சுழல அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு மூலையில் இருந்த டியூப்லைட்டின் கீழே நின்றாள். வெளிச்சம் பாதிக்கு மேல் எழுத்தாக இருந்தது.

“என்ன எழுதியிருக்கிறது?”

“இந்த விளக்கைக் கொடுத்தவர் பெயர். அவர் அப்பா பெயர். ஊர்.”

“சிலைகளைச் செய்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?”

எனக்குத் தெரியாது என்றேன். இத்தனை வருஷம் வந்துபோன கோயிலில் நானும் டியூப்லைட்டைத்தான் படித்திருக்கிறேன்.

பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் நாற்பது முகங்களுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சுத்தமாகத் தட்டச்சு செய்த அட்டை. நல்ல மனிதர். மோர் கொடுத்தார், பயணம் சௌகரியமா என்று கேட்டார், பிறகு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அமெனானிடம் உட்கார்ந்தார். உள்பக்கம் வியர்வை பட்டு வழவழப்பாக இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, “ஆடியிருக்கு, நெஜமாவே ஆடியிருக்கு,” என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். வெளிச்சம் உதட்டுக்கு மேலே வந்து நின்றது. நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

“மீசை,” என்றார் மெதுவாக. “பெண் முகம், ஆனா மீசையோட நிழல். ஆணும் பெண்ணும் ஒண்ணுன்னு காட்டற சடங்கு முகமூடியா இருக்கணும். இது அபூர்வம்மா. இதுக்கு ஒரு கட்டுரையே எழுதலாம்.”

நான் ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்பே அஜுவாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளே அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். “அது இவளுடைய தம்பி வரைந்தது. முந்தாநாள்.”

பேராசிரியர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். “வெளியாளுங்க கிட்ட சடங்கு ரகசியத்தச் சொல்ல மாட்டாங்க. நைஜீரியாவுலயும் இப்படித்தான்.”

“சார், நெஜமாவே என் தம்பிதான்,” என்றேன்.

“நீங்களும் அவங்களுக்கு ஒத்துப் பாடாதீங்கம்மா.”

மேசை இழுப்பறையிலிருந்து ஏற்கெனவே தயாராக வைத்திருந்த அட்டையை எடுத்தார். பவுலே, ஐவரி கோஸ்ட். சிற்பி: தெரியவில்லை. அஜுவா அதை வாங்கிப் படித்தாள். என் அப்பா பெயர் குவாமே, முகம் என் அம்மா அமெனானுடையது, அதை எழுதுவதாகத்தான் வந்தேன் என்றாள். அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். பேர் போட்டால் இது நேற்றுச் செய்ததாகிவிடும், பேர் தெரியாத கைக்குத்தான் ஒரு கௌரவம், வேண்டுமானால் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் குறித்துவைக்கிறேன் என்று பொறுமையாக விளக்கினார். அஜுவாவும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாவை என் புடவையில் சுற்றினாள்.

வெளியே வரும்போது வாசல் தூணில் பதித்த கருங்கல்லைக் காட்டி, இது என்ன என்றாள்.

“அவர் பெயர். கீழே அவர் படிப்பு.”

“எத்தனை வரி?”

“நாலு.”

பஸ்சில் திரும்பும் வழியெல்லாம் அவள் மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் என்ன ஆறுதல் சொல்வது? கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தானே.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும், சேகர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். செல்விதான் கூடத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கே எங்கள் அப்பா அம்மா படம், மாலையும் சின்ன பல்புமாக. “அண்ணி, இங்க ஒரு எடம் இருக்குதே. அவுங்க சொந்தமா வீடு கட்டுற வரைக்கும் இருக்கட்டும். நாங்க எதிர்வீட்டுக்குப் போனா இவுங்களும் வரட்டும். அங்க கான்கிரீட்டு, ஒழுவாது.” நான் சொல்லி முடிக்கும் முன்பே அஜுவா மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

எங்கள் அம்மா படத்துக்குக் குங்குமம் வைத்த கையோடு அமெனான் பக்கம் திரும்பிய செல்விக்கு ஒரு சந்தேகம். “இவுங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே போயிட்டாங்களா?” கேட்டுச் சொன்னேன், ஆமாம், அவள்தான் முதலில். “அப்ப சுமங்கலி,” என்று நெற்றியில் தாராளமாக வைத்தாள்.

நாங்கள் கிளம்பும் நாள் காலையில் சேகர் ஒரு தகட்டைக் கொண்டுவந்து முகமூடிக்குக் கீழே திருகினான். நம்பர் பிளேட் செய்யும் அதே அலுமினியத் தகடு, மஞ்சள் எழுத்து. தெருவிலிருந்தே படிக்கலாம். அஜுவா என்னைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னாள்.

“அமெனான்.”

அவள் விரலால் அந்த எழுத்துகளைத் தடவினாள்.

“செய்தவர்: கணவர் குவாமே.”

அதையும் தடவினாள். அவள் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் மூன்றாவது வரிக்கு வந்தது. பொடி எழுத்தில், ஓரமாக இருந்தது.

“இது?”

“உபயம்: சேகர்,” என்று படித்தேன். அர்த்தமும் சொன்னேன்.

அவள் திரும்பி என் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். “இதில் இவன் செய்தது என்ன?”

“மீசை.”

“அப்படியென்றால் அதை எழுதச் சொல்,” என்றாள் அஜுவா.

நாங்கள் ஆட்டோ ஏறும்போது சேகர் ஸ்டூலில் ஏறி நின்று மூன்றாவது வரியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தான்.